வால்வு பெருக்கியும் டிரான்சிஸ்டர் பெருக்கியும்

வால்வு பெருக்கி, டிரான்சிஸ்டர் பெருக்கி என்பவை வீட்டில் இசை கேட்கப் பயன்படும் ஒலிப் பெருக்கிகளின் இரு வகைகள். முதல் வகையில் வெற்றிடக் குழாய்களும் இரண்டாம் வகையில் சிலிக்கான் குறைகடத்திகளும் மின்குறிப்பை வலுப்படுத்துகின்றன. பேச்சுவழக்கில் 'ஒலிபெருக்கி' என்ற சொல் இரண்டு கருவிகளையும் குறிப்பதால் குழப்பம் வருகிறது. இக்கட்டுரையில் பெருக்கி என்பது 'ஆம்பிளிஃபயர்' எனப்படும் கருவியை மட்டும் குறிக்கும். ஒலியை வெளியிடும் பெட்டி ஸ்பீக்கர் எனப்படும்.

வரலாறு

1904இல் ஜான் ஆம்புரோஸ் ஃபிளெமிங் இரு மின்வாய்கள் கொண்ட வால்வை உருவாக்கினார். அதனால் மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விட முடிந்தது, பெருக்க முடியவில்லை. ஓரிரு ஆண்டுகளில் அமெரிக்கரான லீ டி ஃபாரஸ்ட் இரு மின்வாய்களுக்கும் நடுவே ஒரு கம்பி வலையைச் சேர்த்தார். வானொலி ஒலிபரப்பு, நெடுந்தொலைவுத் தொலைபேசி, பேசும் படம் எல்லாம் வளர அந்த வலை உதவியது. 1947 டிசம்பரில் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. அதே ஆண்டில்தான் பிரிட்டனில் டி. டி. என். வில்லியம்சன் தம் புகழ்பெற்ற 15 வாட் வால்வு பெருக்கியின் வடிவமைப்பை வெளியிட்டார். வீட்டு ஒலிப் பெருக்கியின் தரத்தையே உயர்த்திய வடிவமைப்பு அது. 1960களில் டிரான்சிஸ்டர் பெருக்கிகள் வீடுகளுக்குள் நுழைந்தன. 1970களில் வால்வு ஏறக்குறைய வழக்கொழிந்தது. பிறகு இசை ஆர்வலர்கள் சிலர் அதை மீண்டும் தேடத் தொடங்கினர்.

செயல்படும் விதம்

வால்வின் உள்ளே ஓர் இழை சூடேறுகிறது. அந்த வெப்பத்தால் எதிர்மின்வாயிலிருந்து எலக்ட்ரான்கள் வெளியேறி, சில நூறு வோல்ட் நேர்மின்னழுத்தத்தில் இருக்கும் தகட்டை நோக்கிப் பாய்கின்றன. நடுவிலுள்ள வலையின் மின்னழுத்தம் சிறிது மாறினாலும் இந்தப் பாய்ச்சல் பெரிதும் மாறும். அதுவே பெருக்கம். பழைய வால்வு ரேடியோ திருகியவுடன் பாடாமல் சற்று நேரம் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இந்தச் சூடேற்றம்தான்.

வால்வு உயர்ந்த மின்னழுத்தத்தில் சிறிய மின்னோட்டம் தரும். ஸ்பீக்கருக்கோ குறைந்த மின்னழுத்தத்தில் பெரிய மின்னோட்டம் வேண்டும். இடையில் ஒரு வெளியீட்டு மின்மாற்றி இருந்தால்தான் இரண்டும் பொருந்தும். 8 ஓம் ஸ்பீக்கரை வால்வின் பக்கத்திலிருந்து 5000 ஓம் போலத் தோன்றச் செய்ய வேண்டுமெனில், 5000ஐ 8ஆல் வகுத்துக் கிடைக்கும் 625இன் வர்க்கமூலமான 25தான் சுற்றுகளின் விகிதம். இந்த மின்மாற்றியே வால்வு பெருக்கியின் எடைக்கும் விலைக்கும் பெரும் காரணம். மிகத் தாழ்ந்த ஒலிகளிலும் மிக உயர்ந்த ஒலிகளிலும் முதலில் தடுமாறுவதும் இதுவே. டிரான்சிஸ்டருக்கு இது தேவையில்லை. பெரும்பாலும் ஸ்பீக்கர் நேரடியாகவே இணைக்கப்படுகிறது.

ஒலியில் வேறுபாடு ஏன்?

'வால்வின் ஒலி இதமானது' என்பது பரவலான கருத்து. அதற்கு மந்திரம் எதுவும் காரணமில்லை. அளந்து காட்டக்கூடிய காரணங்கள் உள்ளன.

முதலாவது, சீரிசைத் திரிபு. எந்தப் பெருக்கியும் உள்ளே வந்த சுரத்துடன் இல்லாத மேற்சுரங்களையும் சிறிது சேர்த்துவிடும். சட்ஜத்தை உள்ளே அனுப்பினால் இரண்டாம் சீரிசை மேல் ஸ்தாயிச் சட்ஜமாகவும், மூன்றாம் சீரிசை மேல் ஸ்தாயிப் பஞ்சமமாகவும் வரும். இவை தம்புராவிலேயே கேட்பவை என்பதால் காதுக்கு உறுத்தாது. ஏழாவது, ஒன்பதாவது போன்ற உயர்ந்த சீரிசைகள் சுரத்தோடு சேராமல் கரகரக்கும். ஒற்றை வால்வு வெளியீட்டுப் பெருக்கியில் திரிபு ஒரு சதவீதத்தைத் தாண்டினாலும் அதில் பெரும்பகுதி இரண்டாம் சீரிசையே. ஆனால் 'வால்வு என்றாலே இரட்டைப்படைச் சீரிசை' என்று எழுதுவது சரியல்ல. இரு வால்வுகள் எதிரெதிராக இயங்கும் தள்ளு-இழு அமைப்பில் வெளியீட்டு நிலையின் இரட்டைப்படைச் சீரிசைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. மிஞ்சுவது பெரும்பாலும் மூன்றாவதே.

தொடக்ககால டிரான்சிஸ்டர் பெருக்கிகளின் கெட்ட பெயருக்கும் காரணம் உண்டு. அலையின் மேல்பாதியை ஒரு டிரான்சிஸ்டரும் கீழ்ப்பாதியை மற்றொன்றும் கையாளும்போது, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் இடத்தில் சிறு முறிவு ஏற்பட்டது. மெல்லிய இசையில் அது அதிகம் உறுத்தியது. இன்றைய கருவிகளில் இக்குறை பெரிதும் நீங்கிவிட்டது, திரிபு 0.01 சதவீதத்துக்கும் குறைவாக இருப்பது சாதாரணம்.

இரண்டாவது காரணம் அதிகம் பேசப்படுவதில்லை. ஆனால் அதுவே முக்கியமானது. 8 ஓம் என்று எழுதப்பட்ட ஸ்பீக்கரின் மின்மறுப்பு உண்மையில் அதிர்வெண்ணுக்கேற்ப, சான்றாக 6 ஓம் முதல் 30 ஓம் வரை மாறும். பெருக்கியின் வெளியீட்டு மின்மறுப்பு 2 ஓம் என்றால், 6 ஓம் உள்ள இடத்தில் ஸ்பீக்கருக்குக் கிடைப்பது மின்னழுத்தத்தின் 75 சதவீதம். 30 ஓம் உள்ள இடத்தில் ஏறத்தாழ 94 சதவீதம். வேறுபாடு சுமார் 2 டெசிபல், அதாவது காதால் உணரக்கூடிய அளவு. டிரான்சிஸ்டர் பெருக்கியில் வெளியீட்டு மின்மறுப்பு 0.05 ஓம் எனக் கொண்டால் அதே வேறுபாடு 0.1 டெசிபலுக்கும் குறைவு. ஆகவே எதிர்ப் பின்னூட்டம் குறைந்த வால்வு பெருக்கி ஒவ்வொரு ஸ்பீக்கரோடும் வெவ்வேறாக ஒலிக்கும். ஒரு வீட்டில் கேட்டு மயங்கிய கருவி இன்னொரு வீட்டில் ஏமாற்றுவது இதனால்தான்.

கேட்டுப் பார்த்த சோதனைகள்

1978இல் வயர்லெஸ் வேர்ல்ட் இதழில் ஜேம்ஸ் மொயர் ஒரு சோதனையை விவரித்தார். குவாட் நிறுவனத்தின் ஒரு வால்வு பெருக்கியும் இரு டிரான்சிஸ்டர் பெருக்கிகளும், எது ஒலிக்கிறது என்று சொல்லாமல் ஒப்பிடப்பட்டன. கேட்டவர்களால் வேறுபடுத்த முடியவில்லை. 1985இல் பாப் கார்வர் என்னும் அமெரிக்கப் பொறியாளர் வேறொரு வழியில் இறங்கினார். ஸ்டீரியோஃபைல் இதழினர் தேர்ந்தெடுத்த விலையுயர்ந்த வால்வு பெருக்கியின் வெளியீட்டையும் தம் டிரான்சிஸ்டர் பெருக்கியின் வெளியீட்டையும் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, மீதி மிகச் சிறிதாகும் வரை தம் கருவியைத் திருத்திக்கொண்டே போனார். முடிவில் இதழினராலும் இரண்டையும் பிரித்தறிய முடியவில்லை. நன்கு வடிவமைத்த இரு வகைகளும் ஒன்றுபோல ஒலிக்கலாம் என்று முதல் சோதனையும், 'வால்வு ஒலி' வால்வு இல்லாமலும் கிடைக்கும் என்று இரண்டாவதும் காட்டின.

எத்தனை வாட் வேண்டும்?

300பி என்னும் புகழ்பெற்ற வால்வு தனித்து இயங்கினால் சுமார் 8 வாட் தரும். இரண்டு இஎல்34 வால்வுகள் தள்ளு-இழு அமைப்பில் சுமார் 35 வாட் தரும். ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தொலைவில் 88 டெசிபல் தரும் ஸ்பீக்கரில் சராசரி 80 டெசிபலில் இசை கேட்பவருக்கு அரை வாட்கூடத் தேவையில்லை. ஆனால் ஒரு மிருதங்க அடி அதைவிட 20 டெசிபல் எழுந்தால் அந்தக் கணத்துக்கு ஏறத்தாழ 16 வாட் வேண்டும். 8 வாட் பெருக்கி அங்கே திணறும். வால்வு அலையின் உச்சியைப் படிப்படியாக மழுக்கும். டிரான்சிஸ்டர் கத்தியால் வெட்டியதுபோல் வெட்டும். வால்வு வாங்குவோர் உணர்திறன் மிக்க ஸ்பீக்கரைத் தேர்வது இதனால்தான்.

பராமரிப்பு

ஓர் இஎல்34 வால்வின் இழை மட்டும் 6.3 வோல்ட்டில் 1.5 ஆம்பியர் எடுக்கும். நான்கு வால்வுகளுக்கு ஏறத்தாழ 38 வாட் சூட்டுக்கே போகிறது. வால்வுகள் தேயும், சில ஆயிரம் மணி நேரத்தில் மாற்ற வேண்டும். ரஷ்யா, சீனா, சுலோவாக்கியா நாடுகளில் இன்றும் தயாராகின்றன. ஸ்பீக்கரை இணைக்காமல் வால்வு பெருக்கியை இயக்கினால் வெளியீட்டு மின்மாற்றி பழுதாகலாம். மின்இணைப்பைத் துண்டித்த பின்பும் மின்தேக்கிகளில் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும் என்பதால், மாணவர்கள் ஆர்வத்தில் மூடியைத் திறக்கக் கூடாது. டிரான்சிஸ்டர் பெருக்கியில் அஞ்ச வேண்டியது வேறு: அது பழுதானால் நேர்மின்னோட்டம் ஸ்பீக்கருக்குள் பாய்ந்து சுருளை எரித்துவிடலாம். நல்ல கருவிகளில் இதற்குக் காப்புச் சுற்று இருக்கும்.

மலிவு விலையில் 'வால்வு பெருக்கி' என விற்கப்படும் பல சிறு கருவிகள் கலப்பு வகையைச் சேர்ந்தவை. முன்னிலையில் ஒன்றிரண்டு சிறு வால்வுகள் இருக்கும். ஸ்பீக்கரை இயக்குவது குறைகடத்திச் சில்லுதான். ஆகவே மேலே சொன்ன மின்மறுப்பு விளைவை இவற்றில் எதிர்பார்க்க முடியாது. சிலவற்றில் வால்வின் அடியில் ஆரஞ்சு நிற எல்இடி விளக்கையும் பொருத்தியிருப்பார்கள்.