மேலாளர் எதற்கு?

விலையே எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தும் என்றது வகுப்பறைப் பாடம். அப்படியானால் தொழிற்சாலையில் மேலாளர் எதற்கு? லண்டன் பொருளாதாரக் கல்லூரி மாணவர் ரொனால்ட் கோஸை இந்தக் கேள்வி குடைந்தது. உதவித்தொகை பெற்று 1931இல் அமெரிக்கா போனவர், வகுப்புகளில் உட்கார்ந்ததைவிட ஆலைகளைச் சுற்றியதே அதிகம். ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் என்று போய்ப் பார்த்தார். எதைத் தாங்களே தயாரிக்கிறார்கள், எதை வெளியே வாங்குகிறார்கள் என்பதுதான் அவருடைய விசாரணை.

கிடைத்த விடை எளிமையானது: சந்தையைப் பயன்படுத்தவும் செலவாகும். ஆளைத் தேட வேண்டும், விலை பேச வேண்டும், ஒப்பந்தம் போட வேண்டும். ஒவ்வொரு கடிதத்தையும் தட்டச்சு செய்ய ஒருவரிடம் பேரம் பேசினால் எந்த அலுவலகமும் நடக்காது. அதனால்தான் மாதச் சம்பளம், மேலாளர் எல்லாம். ஆனால் நிறுவனம் பெருக்கப் பெருக்க நிர்வாகச் செலவும் தவறுகளும் கூடும். வெளியே வாங்குவதே மலிவு என்றாகும்போது அதன் வளர்ச்சி நின்றுவிடும்.

21 வயதில் உருவான இந்தச் சிந்தனை 1937இல் கட்டுரையாக வெளியானபோது பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. நோபல் பரிசு வந்தது 1991இல், அவருடைய 80ஆவது வயதில்.

இன்று காவல், துப்புரவு வேலைகளை ஒப்பந்தத்துக்கு விடும் இந்திய நிறுவனங்கள் போடுவதும் கோஸின் கணக்குத்தான். நிறுவனத்துக்கு அதில் செலவு மிச்சம். காவலாளிக்கோ, பல வருடம் நின்ற அதே வாசலில் அடுத்த ஒப்பந்தம் வரைதான் வேலை.