அது நைட் டூட்டி அசதி மட்டும்தானா?

சேத்தியாத்தோப்புப் பக்கம் தூக்கக் கலக்கத்துக்கு யாரும் காரணம் தேடி அலைவதில்லை. நெய்வேலியின் சுரங்கங்களும் அனல்மின் நிலையங்களும் மூன்று ஷிப்டில் இயங்குகின்றன. எம்.ஆர்.கே. கூட்டுறவுச் சர்க்கரை ஆலையில் அரவைப் பருவம் தொடங்கிவிட்டால் கரும்பு வண்டிகள் விடிய விடிய வரும். விக்கிரவாண்டி - தஞ்சாவூர் நெடுஞ்சாலையில் எந்நேரமும் லாரி ஓட்டம். ஆகவே ஒருவர் பகலில் உட்கார்ந்த இடத்திலேயே கண்ணயர்ந்தால், "பாவம், நைட் டூட்டி" என்று விட்டுவிடுகிறோம். இரவில் வீடு அதிரக் குறட்டை விட்டாலோ, "அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குறார்" என்று ஆறுதல் கொள்கிறோம். இந்தப் பரிவான பேச்சுக்குப் பின்னால் ஒரு நோய் வருடக்கணக்கில் ஒளிந்திருக்க முடியும். மருத்துவர்கள் அதை ஸ்லீப் ஆப்னியா என்கிறார்கள்.

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதுதான் இந்த நோய். நாக்கின் அடிப்பகுதிக்கும் உள்நாக்குக்கும் பின்னால் இருக்கும் தொண்டைப் பாதையைத் தாங்க எலும்பு கிடையாது. தசைகளே அதை விரித்து வைத்திருக்கின்றன. தூங்கும்போது அவை தளர்கின்றன. இளநீரில் ஊறிப்போன காகித ஸ்ட்ராவை உறிஞ்சினால் உள்வாங்கி ஒட்டிக்கொள்ளுமே, அப்படி ஒட்டிக்கொள்கிறது பாதை. பாதி அடைத்தால் குறட்டை. முழுக்க அடைத்தால் சத்தமே இல்லை.

அந்தச் சத்தமில்லாத நேரத்தைத்தான் கவனிக்க வேண்டும். ஏறிக்கொண்டே போன குறட்டை சட்டென்று அறுந்துவிடும். மார்பும் வயிறும் மேலும் கீழும் போராடும். மூக்கருகே விரல் வைத்தால் காற்று வராது. 10 விநாடி, 20 விநாடி, சிலருக்கு ஒரு நிமிடம்கூட நீளும். ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்குகிறது, கரியமில வாயு ஏறுகிறது. மூளை பதறி உடம்பை உசுப்ப, ஒரு பெரிய திணறலோடு மூச்சு திரும்பும். மீண்டும் குறட்டை தொடங்கும். பெரும்பாலும் அவர் கண்ணைத் திறப்பதுகூட இல்லை. காலையில் கேட்டால் நன்றாகத் தூங்கியதாகத்தான் சொல்வார். ஆகவே இந்த நோய்க்கு முதல் சாட்சி, பக்கத்தில் படுத்திருப்பவர்.

மணிக்கு 5 தடவைக்குக் கீழே மூச்சு தடைபட்டால் இயல்பு. 15-ஐத் தொட்டால் மிதமான நோய், 30-ஐத் தொட்டால் தீவிரம். மணிக்கு 30 என்றால் ஏழு மணி நேரத்தில் 210 தடவை. ஒவ்வொரு தடவையும் அட்ரினலின் பாய்ந்து ரத்த அழுத்தம் எகிறுகிறது. இரவெல்லாம் எகிறிய அழுத்தம் நாளடைவில் பகலிலும் இறங்குவதில்லை. மூன்று மாத்திரை போட்டும் பிரஷர் அடங்காதவர்களிடம் இந்த நோயைத் தேடிப் பார்க்க வேண்டும் என்பது இன்று மருத்துவத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்ட விஷயம். இதயத் துடிப்புக் கோளாறு, பக்கவாதம், சர்க்கரை நோய் ஆகியவற்றோடும் இதற்குத் தொடர்பு உண்டு.

இரவில் நான்கைந்து தடவை சிறுநீர் கழிக்க எழுந்தால் நம் ஊரில் உடனே சுகர் டெஸ்ட் எடுக்கிறோம். எடுக்க வேண்டியதுதான். ஆனால் அடைத்த தொண்டையோடு மார்பு இழுக்கும் இழுப்பில் இதயத்தின் அறைகள் விரிகின்றன. உடம்பில் நீர் கூடிவிட்டதாக எண்ணி இதயம் ஒரு ஹார்மோனைச் சுரக்க, சிறுநீரகம் வேலையைத் தொடங்கிவிடுகிறது. சுகர் சரியாக இருந்தும் தூக்கம் கெட்டால் இதையும் சந்தேகிக்கலாம். எழும்போது தலைவலி, வறண்ட வாய், காரணமில்லாத எரிச்சல், மறதி ஆகியவையும் இதன் அடையாளங்களே.

ஷிப்ட் அசதியிலிருந்து இதைப் பிரித்தறிய ஒரு வழி உண்டு. ஷிப்ட் அசதி இரண்டு மூன்று நாள் ஓய்வில் பெரும்பாலும் தீர்ந்துவிடும். விடுமுறையில் எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தும் அதே அசதி என்றால், அது டூட்டியின் குற்றம் அல்ல.

2022 பிப்ரவரியில் இசையமைப்பாளர் பப்பி லஹிரி மும்பையில் காலமானபோது மருத்துவர்கள் இந்த நோயைக் குறிப்பிட்டார்கள். பலர் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதே அன்றுதான். மறுவருடம் தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் பல ஆய்வுகளைத் தொகுத்து, இந்தியாவில் சுமார் 10 கோடியே 40 லட்சம் பேருக்கு இது இருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். குண்டானவர்களுக்கு, கழுத்து தடித்தவர்களுக்கு அதிகம் வரும் என்பது உண்மை. ஆனால் தாடை சிறுத்த ஒல்லியானவர்களுக்கும் வருகிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வந்தால் குறட்டையைவிடத் தூக்கமின்மையும் சோர்வுமே தூக்கலாகத் தெரியும்; அதை வயசுக் கோளாறு என்று ஒதுக்கிவிடுகிறோம். வாயைத் திறந்து தூங்கி, குறட்டை விடும் குழந்தைக்கு டான்சிலும் அடினாய்டும் வீங்கியிருக்கலாம்.

உறுதி செய்ய ஓர் இரவுப் பரிசோதனை உண்டு. தலையில் மின்முனைகள், மார்பிலும் வயிற்றிலும் பட்டை, மூக்கில் காற்றளவி, விரலில் ஆக்ஸிஜன் கிளிப் மாட்டித் தூங்க வைப்பார்கள். சென்னை, புதுச்சேரியில் வசதி இருக்கிறது. எளிய வடிவில் வீட்டிலேயே செய்வதும் உண்டு.

1980 வரை தீவிர நோயாளிக்குக் கழுத்தில் துளையிடுவதுதான் முக்கிய சிகிச்சை. அந்த வருடம் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர், காற்றை ஊதும் மோட்டாரையும் மூக்கு மூடியையும் இணைத்து, அடைத்த பாதையைக் காற்றழுத்தத்தாலேயே திறந்து வைக்கலாம் என்று கண்டார். அறுவை வேண்டாம் என்ற ஒரு கட்டுமானத் தொழிலாளிதான் முதலில் அதைப் போட்டுத் தூங்கினார். 1981-இல் லான்செட் இதழில் கட்டுரை வந்தது. இன்றைய சிபாப் கருவி அதன் வாரிசு. சில பத்தாயிரம் ரூபாய் ஆகும், முதல் சில வாரம் தொந்தரவாகவும் இருக்கும். பழகியவர்கள் பலர் விட மறுக்கிறார்கள். எடையைக் குறைப்பதும், மல்லாந்து படுப்பதைத் தவிர்ப்பதும், குடியை நிறுத்துவதும் பலன் தரும். தூக்க மாத்திரையைத் தானாகப் போடுவது ஆபத்து.

சிகிச்சை பெறாத நோயாளி ஸ்டியரிங் பிடித்தால் விபத்து வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம். லாரியோ பஸ்ஸோ ஓட்டுபவர்கள், கனரக இயந்திரம் இயக்குபவர்கள் வேலை போய்விடுமோ என்று பயந்து மறைக்கிறார்கள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் சிகிச்சை எடுத்தவருக்குத்தான் அந்த வேலையைத் தொடர்ந்து பார்க்கும் தெம்பு வரும். ஆகவே வீட்டிலிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: குறட்டை அறுந்து, திணறி மீள்வதைச் செல்போனில் இரண்டு நிமிடம் வீடியோ எடுங்கள். அதை நுரையீரல் மருத்துவரிடமோ காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடமோ காட்டுங்கள், குறட்டை விடுபவர் வர மறுத்தாலும் நீங்களே கையோடு கூட்டிப்போய்.