மணி கேட்டு வாங்க வேண்டிய மது
படுவான்கரைப் பக்கம் – 11

சுவிஸிலும் கனடாவிலும் இருந்து விடுமுறைக்கு வரும் நம்மவர்கள், வைன் பட்டியலைப் பார்த்தே ஒரு கடையை எடைபோடப் பழகிவிட்டார்கள். எந்த நாட்டுத் திராட்சை, எந்த வருடத்து அறுவடை என்றெல்லாம் கேட்கிறார்கள். வலையிறவுப் பாலம் தாண்டி வவுணதீவுக்குள் வந்து அந்தப் பட்டியலைத் தேடினால் கிடைக்காது. இந்தப் பிரதேசத்தில் திராட்சை வைன் தவறாமல் வந்து சேரும் இடம் என்று எனக்குத் தெரிந்தது ஆயித்தியமலை சதாசகாய மாதா கோயிலின் பூசைப் பீடம்தான். அங்கே ரகம் பார்த்துக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது.

வாவிக்கரையில் ஆறுதலாக உட்கார்ந்து குடிக்கும் இடமென்றால் கள்ளுத் தவறணை. இருப்பது தென்னங்கள், பருவம் வந்தால் பனங்கள், அவ்வளவுதான். ஆனாலும் நல்லது கெட்டது பிரித்தறிய வைனுக்குக் குறையாத சங்கதி இதில் உண்டு. வைனுக்கு வருடம் கேட்பதுபோல கள்ளுக்கு மணி கேட்க வேண்டும்.

பாளையைக் கட்டி, தட்டிப் பதப்படுத்தி, காலையும் மாலையும் நுனியைச் சீவிவிடுகிறார்கள். சீவிய வாயிலிருந்து சொட்டும் நீர் வெறும் இனிப்பு. அதில் நூற்றுக்குப் பன்னிரண்டு பதினைந்து பங்கு சீனிதான். முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசியிருந்தால் அது கருப்பணியாகவே நிற்கும். பூசாத முட்டியில் நேற்றைய கள்ளின் நொதி ஒட்டிக்கொண்டிருக்கும். முதல் சொட்டு விழுந்ததுமே வேலை தொடங்கிவிடும். அதாவது, மரத்தில் தொங்கும்போதே அது பாதி மது. ஒரு நாளைக்குள் மதுசாரம் 5 முதல் 8 வீதம் வரை ஏறலாம். அதற்குப் பிறகு புளிப்பு முந்திக்கொள்ளும். இன்னும் விட்டுவைத்தால் வினாகிரி. ஒரே முட்டிக்குள் சர்பத்தும் மதுவும் காடியும் வரிசையாக வந்து போகின்றன. எந்த இடத்தில் பிடித்துக் குடிக்கிறோம் என்பதே ருசி.

அதனால் தெரிந்தவர் தவறணைக்குள் நுழைந்ததும் விலை கேட்பதில்லை.

"அண்ணே, விடிய எறக்கினதா, நேத்தையானா?"

இதற்கு நேராகப் பதில் சொல்லும் கடை நல்ல கடை. "எல்லாம் ஒண்டுதான் தம்பி" என்றால் எழுந்து வந்துவிடலாம். பைட்ஸுக்கு வைக்கும் நண்டுப் பொரியல் எவ்வளவு உறைப்பாக இருந்தாலும் சரி.

அடுத்தது கிளாஸ். உயிருள்ள கள்ளில் நுரை அடியிலிருந்து பொடிப்பொடியாக ஏறிக்கொண்டே இருக்கும். குலுக்கி எழுப்பிய நுரை சற்று நேரத்தில் அடங்கிவிடும். விடிய இறக்கிய கள் பகல் மங்கும் வேளையில் இனிப்பிழந்து நாக்கில் கடிக்க வேண்டும். அந்நேரத்திலும் பாணிபோல இனித்தால் சீனியோ சக்கரினோ சேர்ந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். தண்ணீர் கலந்தது மூக்கிலேயே தெரியும்: மணம் மெலிந்து, வெறும் புளிப்பு மட்டும் நிற்கும். மிதக்கும் தேனீயைக் கண்டு முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. எனக்கு அது கள் மரத்திலிருந்துதான் வந்தது என்பதற்குக் கிடைத்த அத்தாட்சி. எடுத்து எறிந்துவிட்டுக் குடிக்கலாம்.

இப்படி மணி பார்க்கும் தொல்லை பியருக்கு இல்லை. பியகமவில் வடித்த லயன் ஸ்ட்ரோங் எந்த ஊரில், எந்த நேரத்தில் உடைத்தாலும் 8.8 வீதம்தான், ரின்னிலேயே அச்சடித்திருக்கும். இளசுகள் அந்தப் பக்கம் சாய்ந்ததற்கு ருசியை விட இந்த நிச்சயம்தான் காரணம் என்பது என் எண்ணம். கள்ளையும் சூடேற்றிப் போத்தலில் அடைக்கிறார்கள். நொதி செத்துவிடுவதால் அது மாதக்கணக்கில் கெடாது. கெடாத கள்ளில் எனக்கு ஆர்வமில்லை.

கள்ளுக்குச் சரியான நடுவர் தவறணையில் இல்லை, அடுப்படியில் இருக்கிறார். அப்ப மாவுக்குக் கள் விடும் பெண்ணை ஏமாற்ற முடியாது. உயிருள்ள கள்ளென்றால் மாவு இரவில் பொங்கி நிற்கும்; தண்ணீர் கூடினதோ சூடு காட்டினதோ என்றால் மாவு அப்படியே கிடக்கும். தேசிக்காய்ப் புளி விட்டுச் சமாளிக்கலாம். கரை முறுகி நடு மெத்தென்று வராது. வாய் வார்த்தைக்கு அங்கே இடமேயில்லை.

ஆனால் அந்தப் பெண் தவறணைக்குப் போய்க் கேட்டு வாங்கச் சட்டம் இடம்கொடுக்கவில்லை. பெண்களுக்கு மதுபானம் விற்கக்கூடாது என்பது 1979 வர்த்தமானி அறிவித்தலில் இருக்கிறது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அந்தத் தடையை எடுத்தார். சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதை மீளப்பெறச் சொன்னார். ஆகவே கள் வாங்க மகனோ புருஷனோதான் போக வேண்டும். அவர் போத்தலோடு திரும்பி வந்ததும் மூடியைத் திறந்து மோந்து பார்த்து, "இது நேத்தையான், திருப்பிக் குடுத்திட்டு வாங்க" என்று வாசலிலேயே மறித்து அனுப்புகிறவர்களைப் படுவான்கரையில் கண்டிருக்கிறேன்.