கூண்டு ஏற்றியாச்சா?

வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவானதும் செய்தியில் வரும் வரி இது: "துறைமுகத்தில் 1ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது."

அது பறவைக் கூண்டு அல்ல. கடலோடிகள் தொலைவிலிருந்தே பார்க்கும்படி, உயரமான கம்பத்தில் பகலில் தொங்கவிடப்படும் கூம்பும் உருளையும்தான். இருட்டினால் அவற்றின் இடத்தில் சிவப்பு, வெள்ளை விளக்குகள் எரியும். அவை அமைந்திருக்கும் விதத்தை வைத்தே எண்ணைப் படித்துவிடலாம்.

மொத்தம் 11 எண்கள். 1, 2 என்றால் ஆபத்து தொலைவில், நடுக்கடலில் இருக்கிறது. 3, 4 என்றால் துறைமுகத்துக்கே எச்சரிக்கை. 5, 6, 7 அபாயம். 8, 9, 10 பெரும் அபாயம். புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கரை கடக்கும் என்பதையும் இந்த எண்களே சொல்லிவிடும்.

1864 அக்டோபரில் கல்கத்தாவைப் புயல் சூறையாடியது. மறு ஆண்டே அந்தத் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கை முறை தொடங்கியது. இந்திய வானிலை ஆய்வுத் துறை பிறந்ததோ அதற்கும் பத்து ஆண்டுகள் கழித்து, 1875இல்.

சரி, அந்த 11ஆம் எண்? வானிலை எச்சரிக்கை மையத்துடன் தகவல் தொடர்பே அறுந்துபோனால் ஏற்றப்படும் கூண்டு அது.