நிற்கும் எஞ்சின் ஏன் துருப்பிடிக்கிறது?

ஓசூரில் அசோக் லேலண்ட் எஞ்சின்கள் தயாராகின்றன. கடலோ வெகுதூரம். ஆனால் தமிழகக் கரையில் லேலண்ட் எஞ்சின் பூட்டிய விசைப்படகுகள் ஏராளம். அவை ஓடாமல் நிற்கும்போதுதான் சிக்கல்.

குளிர்நாடுகளில் படகைக் கரையேற்றும்போது பயம் பனிக்கட்டி. நீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் பருத்து, இரும்பையே பிளந்துவிடும். நமக்கு அந்தக் கவலை இல்லை. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்தான் இருக்கிறது. அப்போது ஓடாமல் நிற்கும் எஞ்சினுக்கு எதிரி உப்பு.

ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. குளிர்விப்புக் குழாயில் தேங்கிய நீர் வற்ற வற்ற அது இன்னும் அடர்த்தியாகும். காய்ந்த உப்பும் சும்மா இருக்காது, காற்றின் ஈரத்தை இழுத்து மறுபடி நனையும். அதிலுள்ள குளோரைடு, உலோகத்தின் காப்புப் படலத்தை ஓரிடத்தில் உடைத்து ஊசிமுனைக் குழியாகத் தோண்டும். வெளியே பளபளப்பு, உள்ளே ஓட்டை. இதுதான் ஆபத்து.

ஆகவே படகைக் கட்டும் முன், டிரம்மில் நல்ல தண்ணீர் வைத்து, கடல்நீர் பம்பு அதை இழுக்கும்படி எஞ்சினை ஓட்ட வேண்டும். கடல்நீரே நேரடியாகச் சுற்றும் எஞ்சின் என்றால் சூடேறும்வரை ஓட்டுவது அவசியம். தெர்மோஸ்டாட் திறந்தால்தான் பிளாக்கின் உள்ளறைகள் கழுவப்படும். பிறகு வடிகால் திருகைத் திறந்து முழுக்க வடித்துவிடலாம்.

உலோகத்தைக் காக்கப் பொருத்தியிருக்கும் துத்தநாகக் கட்டியையும் பாருங்கள். இரும்பை, செம்பை முந்திக்கொண்டு எலக்ட்ரான்களைக் கொடுத்துத் தான் கரைவதே அதன் வேலை. பாதி தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். அதன்மேல் பெயின்ட் மட்டும் அடிக்காதீர்கள், அடித்தால் அது வேலை செய்யாது.