துபை காலத்துக்கு துபைச் சான்று
கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பணிபுரியும் சகோதரர்களில் துபை சென்று திரும்பியவர்களும் உண்டு. கனடா குடியேற்றத்துக்கு உள்ளூர் காவல் நிலையச் சான்று போதுமா என்று நம்மிடம் கேட்கிறார்கள். போதாது. எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில், 18 வயதுக்குப் பின், கடந்த 10 ஆண்டுகளில் தொடர்ந்து 6 மாதமோ அதற்கு மேலோ வசித்த ஒவ்வொரு நாட்டின் காவல்துறைச் சான்றையும் கேட்பார்கள். இந்தியச் சான்றை பாஸ்போர்ட் அலுவலகம் தரும். கட்டணம் 500 ரூபாய். துபையில் இருந்த காலத்துக்கு அமீரகத்திடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். இங்கிருந்து என்றால் கைரேகை, சான்றொப்பம் என அலைச்சல்தான். அதற்காக, "நானே முடித்துத் தருகிறேன்" என்னும் ஏஜெண்டிடம் போலிச் சான்று வாங்கிவிடக் கூடாது. பிடிபட்டால் கனடாவுக்கு 5 ஆண்டுத் தடை. பழைய பாஸ்போர்ட், எமிரேட்ஸ் ஐடி நகல்களை முதலில் தேடி எடுங்கள்.