பென்சில் கோட்டுக்கு 80 மீட்டர் அகலம்... தெரியுமா?

ஒரு பென்சில் கோடு எவ்வளவு அகலம் இருக்கும்? ஜெருசலேமில் 60 முதல் 80 மீட்டர்! 1948 நவம்பரில் சண்டையை நிறுத்த, இஸ்ரேல் தளபதி மோஷே தயானும் ஜோர்டான் தரப்பு அப்துல்லா அல் தல்லும் வரைபடத்தில் கோடு இழுத்தார்கள். தயான் கையில் பச்சைப் பென்சில். கோட்டின் தடிமன் மூன்று நான்கு மில்லிமீட்டர். வரைபடத்தில் ஒரு மில்லிமீட்டர் என்றால் தரையில் 20 மீட்டர். அந்தத் தடத்துக்குள் வீடுகளும் தெருக்களும் முழுசாக மாட்டிக்கொண்டன!

2004-ல் பிரான்சிஸ் அலீஸ் என்ற கலைஞர், ஓட்டை போட்ட பெயின்ட் டின்னைப் பிடித்தபடி அந்தக் கோட்டின் வழியே 24 கிலோமீட்டர் நடந்தார். 58 லிட்டர் பச்சைப் பெயின்ட் ஒழுகிக்கொண்டே வந்தது! அந்த நடையைப் படமெடுத்த வீடியோவை இஸ்ரேலியர், பாலஸ்தீனர் எனப் பலருக்கும் போட்டுக்காட்டி, அவர்கள் பேசியதையும் பதிவுசெய்தார். காட்சி ஒன்றுதான். பேசுகிற ஆள் மாறினால் அதே தெரு வேறு தெருவாகிவிடுகிறது!

நம் பக்கத்து எல்லைக்கு வருவோமா? கராச்சியில் பிறந்து, பிரிவினையில் இந்தியா வந்தவர் கலைஞர் நளினி மலானி. 1998 பொக்ரான் அணுகுண்டுச் சோதனை அவரை உலுக்கிவிட்டது. எழுத்தாளர் மண்ட்டோவின் 'டோபா டேக் சிங்' என்ற பிரிவினைக் கதையை வைத்து ஒரு வீடியோ நிறுவல் செய்தார். எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு பெண்கள், ஒருத்தி இந்தியா, இன்னொருத்தி பாகிஸ்தான். இருவரும் சேர்ந்து ஒரே சேலையை மடிக்கப் பார்க்கிறார்கள்! முனையைப் பிடித்து, உதறி, கிட்டே வந்து முனையோடு முனை சேர்ப்போமே, அதே வீட்டு வேலைதான். ஆனால் நடுவே கூடம் முழுக்கக் கிடக்கிறது. தரையில் அகதிகள் தூக்கி வந்தது போன்ற 12 தகர டிரங்குப் பெட்டிகள், ஒவ்வொன்றுக்குள்ளும் டிவி ஓடுகிறது. பார்க்க வந்தவர் நிற்பது அந்தச் சேலைக்கு நட்டநடுவில்! எல்லை பற்றி இதைவிட அழுத்தமான படைப்பு இந்தியாவில் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

மலையும் பள்ளமுமே டெலிபோன் ஆன இடம் தெரியுமா? 1967-ல் இஸ்ரேல் சிரியாவின் கோலான் குன்றுகளைப் பிடித்தபோது, மஜ்தல் ஷம்ஸ் ஊரின் துரூஸ் சமூகக் குடும்பங்கள் பள்ளத்தாக்கின் இருபுறமும் பிரிந்துபோயின. ஆனால் அந்த நில அமைப்பு குரலை எதிர்ப்பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்தது! மெகாபோனில் கூவியே குடும்பச் சேதி பேசினார்கள். மார்ச் 21, பல அரபு நாடுகளில் அன்னையர் தினம். அன்று சிரியாவில் படிக்கப்போன பிள்ளைகள் எதிர்க்குன்றில் நின்று அம்மாவைக் கூப்பிட்டார்கள். கலைஞர் ஸ்மாதார் டிரைஃபஸ் இதைத்தான் நிறுவலாக்கினார்.

எல்லைக்குப் பதில் தூரத்தைத் தாண்டிய உச்சக்கட்ட ஆச்சரியம் 1980 நவம்பரில்! நியூயார்க் லிங்கன் சென்டர் கண்ணாடி ஜன்னலில் திடீரென ஆளுயர மனிதர்கள், கறுப்பு வெள்ளையில், உயிரோடு கையாட்டுகிறார்கள்! விளம்பரமில்லை, போர்டு இல்லை. "எங்கே இருக்கீங்க?" என்று கத்தினால் "லாஸ் ஏஞ்சல்ஸ்!" என்று பதில் வருகிறது. சுமார் 4,000 கிலோமீட்டருக்கு அப்பால், ஒரு பெரிய கடையின் ஜன்னலில் நியூயார்க்காரர்கள் தெரிகிறார்கள். சாட்டிலைட் பிடித்து இதைச் செய்தவர்கள் கிட் கேலவே, ஷெர்ரி ரபினோவிட்ஸ் என்ற கலைஞர்கள். அவரவர் முகம் அவரவருக்கே தெரியும் திரையை வேண்டுமென்றே வைக்கவில்லை. அதனால் எல்லோர் கண்ணும் எதிரே இருப்பவர் மேல்! மூன்றே இரவுகள். முதல் நாள் வழிப்போக்கர்கள், ஊமைச் சைகை விளையாட்டு, சிரிப்பு. அப்புறம் சேதி பரவியது. மூன்றாம் நாள், வருஷக்கணக்கில் பார்க்காத சொந்தங்கள் போனில் பேசிவைத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாக ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள்!

இன்னொன்று வீடியோ இல்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனசில்லை. 2019 நவம்பரில் கலைஞர் ரஃபயேல் லோசானோ ஹெம்மர், அமெரிக்காவின் எல் பாசோவிலும் மெக்சிகோவின் சியுதாத் ஹுவாரெஸிலும் ராட்சத சர்ச்லைட்டுகளை நிறுவினார். அப்போது யார் வேண்டுமானாலும் அவற்றைத் திருப்ப முடிந்தது. இரண்டு ஊர் ஒளிக்கற்றைகளும் வானத்தில் தொட்டுக்கொண்டால் மைக்கும் ஸ்பீக்கரும் உயிர்பெறும். குரலுக்கு ஏற்ப ஒளியும் துடிக்கும்! எதிரே மாட்டுபவர் யாரோ, அவரோடுதான் பேச்சு!